ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தது

எருசலேம், 1934

பம்பாயிலிருந்தே பொம்மிடிக்குத் திரும்பிவிட்ட என் துணைவருக்கு,

கப்பல் டாக்டர் உங்கள் கண்ணை விரித்துப் பார்த்து ஏற்ற முடியாது என்றபோது, "நீ போ புள்ள, ரெண்டு பேருக்கும் சேத்துப் பாத்துட்டு வா" என்றீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த யாத்திரையில் நீங்கள் வரும்போது எலுமிச்சை ஊறுகாய் நிறைய வேண்டும். கடல் குமட்டலுக்கு அது ஒன்றுதான் கேட்கிறது. புதுச் செருப்பு வேண்டாம், கடித்துவிடும். எங்களைக் கூட்டிப்போகும் பங்குச்சாமியார் வேகமாக நடக்கிறார்.

நேற்று ஆண்டவரின் கல்லறைக் கோயிலில் இருட்டுப் படிக்கட்டு வந்தது. பழக்கத்தில் பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்து, "பாத்து வைங்க, இங்க படி இருக்குது" என்றேன். யாரோ வெள்ளைக்காரக் கிழவர். கையை உதறாமல் கடைசிப் படிவரை கூடவே இறங்கினார்.

நான் அழுததைப் பார்த்துக் கூட வந்த ஞானப்பூ அக்கா, "கண்ணு போனவர நெனச்சிக்கிட்டியா?" என்றாள். "போவலீங்க, மங்கல்தான்" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

ரோமாபுரி இன்னும் பாக்கி. நான் போகவில்லை. சாமியாரிடம் சொல்லிவிட்டேன், முதல் கப்பலிலேயே திரும்புகிறேன். பொம்மிடியில் நான் ரயிலைவிட்டு இறங்குவதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி