அப்பா ஓட்டிய கடைசி பஸ்

கெலாங் பாத்தா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி நடக்கிறது. கிளாஸ்கோ குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா என்பதுதான் என் கவலை. வாட்ஸ்அப்பில் சொன்னால் பாதியிலேயே டியூட்டி இருக்கும்மா என்று வைத்துவிடுவாய். அதோடு உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அதெல்லாம் எதுக்கு அவகிட்ட என்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார். அதனால்தான் அவர் முடி வெட்டப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று இல்லை, அதற்கு முந்தின சனிக்கிழமை அப்பாவுக்குக் கடைசி வேலை நாள் என்பது உனக்குத் தெரியும். அதே நாளில்தான் நம் பக்கத்து அரங்கத்தில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கால்பந்துக் கிண்ண இறுதியாட்டம் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. மூன்று மணிக்கே பாதி ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஜொகூர் பாருவிலிருந்து கெலாங் பாத்தாவுக்கு வரும் நாலரை மணி பஸ்தான் அப்பாவின் கடைசி பஸ். முப்பத்தொரு வருஷம் ஓட்டிய மனிதர், கடைசித் தடவை கூட இருப்போம் என்று நானும் ஒரு பெரிய டப்பா கேசரியோடு ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். புதுச் சட்டை வாங்கி வைத்திருந்தேன், யூனிபார்ம் இல்லை என்று அவர் தொடவே இல்லை. ஆட்டத்துக்கு விட்ட சிறப்பு பஸ்ஸுக்கு வரிசை பாலம் வரைக்கும் நின்றதால், ரசிகர்கள் பாதிப் பேர் நம் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். விஜயன் என்று ஒரு பையன் பெரிய மேளத்தோடு வந்து, அதற்கும் ஒரு சீட் கேட்டான். இன்னொரு பக்கம் கெலாங் பாத்தா எலக்ட்ரானிக் பேக்டரிக்கு நைட் ஷிப்ட் போகும் பெண்கள் பதினொரு பேர். அவர்களுக்கு லீடர் கத்தரின் அக்கா, நம் தேவாலயத் தெருவில் இருப்பவர்.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு சிக்னல் தாண்டினோம். அப்போது டிப்போவிலிருந்து சூப்பர்வைசர் மனோகரன் போன் பண்ணினார். வழக்கமான பஸ் எல்லாம் நிறுத்தியாச்சு, கெலாங் பாத்தா போறவங்கள அங்கேயே எறக்கி விட்டுட்டு ரசிகர்கள அரங்கத்துல கொண்டு போய் விடுங்க என்றார். வெளியே மழை கொட்டுகிறது. முதலாளி இருமினால்கூட எழுந்து நிற்கும் உன் அப்பா, பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு எழுந்து திரும்பி நின்றார். "நான் யாரையும் ரோட்டுல எறக்க மாட்டேன். எல்லாரையும் அவங்கவங்க எடத்துல விடுவேன். ஆனா யார மொதல்ல விடறதுன்னு நீங்க சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான், பஸ் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கத்தரின் அக்கா, "ஏழு மணிக்கு நாங்க கார்டு அடிக்கணும் அண்ணே, பந்து எங்க ஓடிடப் போவுது" என்கிறார். விஜயன், "லேட்டா போனா எங்களுக்காக முதல்லேர்ந்து வெளையாடுவாங்களா அக்கா" என்கிறான். அரங்கம் வழியில்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால் வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஏழு மணி ஒம்பது மணிக்கு முன்னாடிதானே வருது என்று சொல்லிவிட்டு சீட்டில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது.

அடுத்த வளைவில் போலீஸ் தடுப்பு. ஆட்டத்துக்குப் போகும் பஸ் மட்டும்தான் விடுவார்களாம். அப்பா முகம் வெளிறிவிட்டது. அவருக்குப் பொய் சொல்ல வராது, ஜூரோங்கில் இருக்கும் உன் மாமா கூப்பிட்டால்கூட நான் வீட்டில் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். பார்த்தால், சண்டை போட்ட அதே விஜயன் ரசிகர்களிடம் இருந்த ஸ்கார்ஃபை எல்லாம் உருவி அந்தப் பெண்கள் கழுத்தில் போடுகிறான். எனக்கும் ஒன்று. போலீஸ்காரர் தலையை உள்ளே விட்டு, எல்லாரும் சப்போர்ட்டரா என்று மலாயில் கேட்டார். ஒரு பாட்டு பாடுங்க பார்ப்போம் என்றும் சொல்லிவிட்டார். கத்தரின் அக்காவுக்குப் பந்தாட்டப் பாட்டு எங்கே தெரியும், பயத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடும் அல்லேலூயாவை எடுத்துவிட்டார். விஜயன் மேளத்தில் பிடித்துக்கொண்டான், பஸ் முழுக்கப் பாடியது, நானும் பாடினேன், முருகன் மன்னிப்பார். போலீஸ்காரர் தாளம் போட்டுக்கொண்டே வழி விட்டார்.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு பேக்டரி வாசலில் நிறுத்தினோம். கத்தரின் அக்கா ஸ்கார்ஃபோடு உள்ளே ஓடிவிட்டார். திரும்பி வரும் வழியில் என் கேசரி டப்பா கடைசி சீட் வரை போய் காலியாக வந்தது. எட்டே காலுக்கு ரசிகர்களை அரங்கத்தில் இறக்கினோம். இறங்கும்போது ஒவ்வொருவரும் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் அடுத்தவருக்கு வழி விடுங்க, வழி விடுங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தார். டிப்போவுக்குப் போனால் பிரியாவிடை விருந்துக்கு வந்தவர்கள் ஆட்டம் பார்க்க வீட்டுக்குப் போய்விட்டார்கள். காவலாளி மட்டும் ஒரு துண்டு கேக்கைப் பத்திரமாக மூடி வைத்திருந்தார். ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம்.

புதன்கிழமை டிப்போவிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, ஏன் உத்தரவை மீறினீர்கள் என்று. மனோகரனே போன் பண்ணி, அது கம்ப்யூட்டர்ல தானா வந்துட்டது அண்ணே, தூக்கிப் போடுங்க என்றார். உன் அப்பா கேட்பாரா, மூன்று நாள் உட்கார்ந்து எழுதிக் கிழித்து எழுதினார். கடைசியில் இருந்தது இவ்வளவுதான்: "பயணிகள் ஐம்பத்தெட்டு பேர். எல்லாரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்." அதைத் தானே கொண்டு போய்க் கொடுக்க பஸ்ஸில் பயணியாகப் போனார். திரும்பி வந்து, புது டிரைவர் பிரேக் பிடிக்கும் லட்சணத்தைப் பற்றி எனக்கு ஒரு மணி நேரம் பாடம். இன்னும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து யூனிபார்ம் பேண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், நான் டீ ஆற்றிக் கொண்டு போய்க் கொடுக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊர் மழையில் நனையாதே. முருகன் உனக்கு நல்ல உடம்பும் நல்ல மனிதர்களும் கொடுக்கட்டும். ஒன்று மறக்காதே, வரும் ஞாயிறு போன் பண்ணும்போது கடைசி நாள் எப்படிப்பா போச்சு என்று அவரிடம் கேள். நான் எழுதியதைச் சொல்லாதே. மூன்றே வரியில்தான் சொல்வார், அப்பவும் நீ முதல் தடவை கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொள்.

என்றும் உன் நினைவில்,
அம்மா ராஜம்மா