குழியின் மேல்புல்

டப்ளின் ஆஸ்பத்திரி,
9 நவம்பர் 1983

அன்புத் தங்கை அட்ராக்டாவுக்கு,

நலம். மாடிப்படியைக் கண்டால் மட்டும் மூச்சு நின்றுவிடுகிறது. நீ கவென்ட்ரியில் பேக்கரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஊர் வந்து சேர்ந்ததைப் பக்கத்து வீட்டு பெஸ்டஸ் போனில் சொன்னான். கிறிஸ்துமஸ் வரை சமாளி, நான் வந்துவிடுவேன்.

குளிர்காலம் முழுக்கக் கொட்டகைக்குள் நின்று தின்றுதான் மாடுகள் சதை போட வேண்டும், மார்ச்சில் கறிக்கு விற்பனை. குழியில் மூடிப் புளிக்கவைத்த சைலேஜ் புல் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். அரைத்த பார்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு புளித்துப் படுத்துவிடும். குழியின் முகப்பைக் கத்தியால் நேராக வெட்டு. பிய்த்தெடுத்தால் காற்று புகுந்து சூடேறிவிடும். பாலித்தீனுக்கு அடியில் வெள்ளை பூத்திருக்கும் மேல்புல்லை எறிந்துவிடாதே. கவைக்கோலால் உதறிப் போடு, பூஞ்சணம் பறந்துவிடும், மாடு தின்னும். அப்பா ஒரு பிடி புல்லை வீணாக்கி நான் பார்த்ததில்லை.

மாடுகளுக்குள் பெரிய தலையும் முறைப்புமாக ஒருவன் நிற்பான். பிஷப் என்று பெயர். தாடைக்கடியில் சொறிந்துவிடு, இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வான்.

உன் அண்ணன்,
மலகி


கிளூன்பெக்,
27 நவம்பர் 1983

அன்புள்ள அண்ணா,

ஒரு பக்கம் எழுதினாய், அதில் முக்கால் பக்கம் மாட்டுக்கு. "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று தங்கச்சியை ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவாய்?

நீ சொன்னபடியேதான் செய்கிறேன். காலையில் வெட்டிப் போடுகிறேன், மாலையில் மறுபடியும். மழையில் பாலித்தீன் மேல் பாரத்துக்கு வைத்த டயர்களைத் தூக்கி நகர்த்தி இடுப்பு போய்விட்டது. எத்தனை சோப்புப் போட்டாலும் தலையில் அந்தப் புளித்த வாடை போகவில்லை. ஞாயிறு பூசையில் பெஸ்டஸ் பின்னாலிருந்து, "என்ன அட்ராக்டா, சென்ட் மாத்திட்டியா? மாடெல்லாம் மயங்கி வருமே!" என்றான். பாதிரியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேல்புல்லைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் உதறுகிறேன். வெளியே காற்றில் நிற்க முடியவில்லை. மாவு மூட்டை வெடித்தது போலக் கண்ணெல்லாம் வெள்ளை. பிஷப் மட்டும் தும்மிக்கொண்டே காத்து நிற்கிறான். எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது, உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன் தங்கை,
அட்ராக்டா


டப்ளின்,
14 டிசம்பர் 1983

அன்பு அட்ராக்டா,

சாப்பிட்டாயா? தூங்கினாயா? கேட்டுவிட்டேன், இனி மாட்டுக்கு வருகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு விடமாட்டார்களாம். புதிதாக வந்த டாக்டர் என்னிடம், "புறா வளக்கிறீங்களா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், பிஷப் வளக்கிறேன்" என்றேன். சிரிக்கவில்லை. இரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்.

இன்னும் கொஞ்ச நாள் இரு அம்மா. கேட்க எனக்கு வாயில்லை, இருந்தும் கேட்கிறேன். மார்ச்சில் லாரி வரும்போது மாடுகளை நானே ஏற்றிவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கில்லை. கல்யாணம் காட்சி எதுவும் பார்க்காதவனுக்கு வருடத்தில் அந்த ஒரு காலைதான் விசேஷம்.

மலகி


கிளூன்பெக்,
5 ஜனவரி 1984

அன்புள்ள அண்ணா,

புத்தாண்டு வாழ்த்துகள். பேக்கரியில் வேறு ஆள் வைத்துவிட்டார்களாம், கடிதம் வந்தது. வருத்தப்படாதே, அந்த மேஸ்திரியின் முகத்தை இனிப் பார்க்க வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

மாடுகள் நன்றாகத் தேறியிருக்கின்றன. "முதுகுல தட்டு வச்சுச் சாப்பிடலாம் போலிருக்கே" என்கிறான் பெஸ்டஸ். நீ பார்த்தால் பெருமைப்படுவாய்.

எனக்குச் சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், கொஞ்சம் சளி. குளிர்தான், வேறொன்றுமில்லை. பெஸ்டஸ் உன்னைப் பார்க்க டப்ளின் வருகிறான். கேக் கொடுத்தனுப்புகிறேன். கேக்கை மட்டும் வாங்கிக்கொள், அவன் பேச்சை நம்பாதே.

அட்ராக்டா


டப்ளின்,
12 ஜனவரி 1984

அட்ராக்டா,

பெஸ்டஸ் வந்தான். தொப்பியைக் கூடக் கழற்றவில்லை. "உன் தங்கச்சி உன்னை மாதிரியே இருமுறாடா மலகி. கண்ண மூடிட்டுக் கேட்டா நீதான் கொட்டகையில நிக்கிறேன்னு நெனப்பேன்" என்றான்.

இன்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். சளியும் இல்லை, குளிரும் இல்லை. அந்த வெள்ளைப் பூஞ்சணம்தான். புறா எச்சத் தூசியும் இப்படித்தான் நெஞ்சைக் கெடுக்குமாம், அதனால்தான் அன்று கேட்டாராம். வருடக்கணக்காக உதறி உதறி உள்ளே இழுத்திருக்கிறேன், நெஞ்சில் தழும்பாகிவிட்டது. இனி கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாதாம். அதைக் கேட்டபோது கூட நான் அழவில்லை. பெஸ்டஸ் சொன்னதைக் கேட்டு அழுதேன்.

மாடுகளை உடனே விற்றுவிடு. முழுக்கத் தேறவில்லை என்று எவனாவது பேரம் பேசினால் பேசட்டும். எனக்காக ஒரு நாள் கூட வைத்துக்கொள்ளாதே. டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டு. கொட்டகை வேலையைப் பெஸ்டஸ் பார்ப்பான், நீ உள்ளே போகாதே.

மலகி


கிளூன்பெக்,
25 ஜனவரி 1984

அன்புள்ள அண்ணா,

டாக்டரிடம் நெஞ்சைக் காட்டினேன். எனக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்களாம், தள்ளியிருந்தால் சரியாகிவிடுமாம். இப்போதே இருமல் பாதி குறைந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று லாரி வந்தது. ஏற்றியாகிவிட்டது. கொட்டகையில் சத்தமே இல்லை, அந்தப் பக்கம் பார்க்கவே எனக்கு முடியவில்லை. ஆனால் பிஷப்பை விற்கவில்லை. பின்பக்கத்து லாயத்தில் கட்டியிருக்கிறேன், பெஸ்டஸ் தீனி போடுகிறான். மார்ச்சில் நீ வந்து உன் கையாலேயே அவனை ஏற்றிவிடு. உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். நான் கவென்ட்ரிக்குப் போகப்போவதில்லை. வீட்டுக்கு வா அண்ணா.

அட்ராக்டா


டப்ளின்,
2 பிப்ரவரி 1984

அன்புத் தங்கைக்கு,

நான் வரவில்லை அம்மா. சித்தி மகள் டெல்மா தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். கீழ்த்தளத்து அறை, ஜன்னலைத் திறந்தால் பஸ் நிறுத்தம். அங்கேயே இருந்துவிடுகிறேன்.

உன் மேல் கோபமில்லை. என்னை எனக்குத் தெரியும். பிஷப் ஒரு தரம் கத்தினால் நான் லாயத்துக்குப் போய்விடுவேன். என்னைத் தடுக்கிறேன் என்று எனக்கு முன்னால் நீ போய் நிற்பாய். அவன் போனாலும் அடுத்த வசந்தத்தில் நான் இன்னொரு கன்றை வாங்குவேன். உனக்கு இன்னும் நல்ல நெஞ்சு இருக்கிறது, அதை என் வீட்டில் தொலைக்காதே. கவென்ட்ரி வேண்டாம் என்றால் வேறெங்காவது போ. கடிதம் மட்டும் போடு.

மார்ச் வரை காத்திருக்க வேண்டாம், பிஷப்பை அனுப்பிவிடு. அன்று காலையில் லாயத்துக்கு வெளியே வைத்துத் தாடைக்கடியில் சொறிந்துவிட்டு, நான் சொன்னேன் என்று சொல். குழியின் நடுவிலிருந்து, தேன் நிறத்தில் இருக்குமே, அந்த நல்ல புல்லைப் பெஸ்டஸை வெட்டிப் போடச் சொல். வயிறு நிறையத் தின்னட்டும்.

மேல்புல்லை உதற வேண்டாம். எறிந்துவிடு.

உன் அண்ணன்,
மலகி