பார்த்துப்போட்டுச் சொல்லுங்கோ

22 மார்ச் 2025, சனி

குடும்பமாகத் தாய்லாந்துக்குப் போகிறோம் என்று அப்பா சொன்னார். நான் சிரித்துவிட்டேன். யாழ்ப்பாணத்துக்குப் போய் ஐஸ்கிரீம் குடிப்போம் என்று போன மாதம் கேட்டதற்கே, “வெங்காயத்துக்கு ஆர் தண்ணி மாறுறது?” என்றவர். இப்போது மட்டும் வெங்காயம் தானாகக் குடிக்குமா?

அதுவும் சித்திரை வருடப் பிறப்புக்கு! வருடத்தன்று மருத்துநீர் வைத்துத் தலைமுழுகாமல் படலை தாண்ட விடாத வீடு இது.

அது புத்தர் நாடு வேறு. சந்தியில் வெள்ளரச மரத்துக்குக் கீழே புதுக் கல்லொன்று கிடந்தாலே, புத்தரை வைக்கப் போகிறார்களோ என்று சைக்கிளை நிறுத்தி உற்றுப் பார்க்கிறவர் அப்பா. “அங்கை முழுக்கப் புத்தர்தானே அப்பா?” என்று கேட்டேன். “அது வேறை புத்தர்” என்றார்.

என்னமோ இருக்கு.

25 மார்ச்

பிரான்சிலிருந்து இராசமலர் பெரியம்மாவும் பெரியப்பாவும் அங்கே வருகிறார்களாம். பெரியம்மா அம்மாவின் ஒரே அக்கா. பிள்ளைகள் இல்லை. நான் அவவை நேரில் கண்டதே இல்லை.

“ஏன் இங்கை வரேலாது?”

“பெரியப்பாக்கு அகதிப் புத்தகம். எல்லா நாட்டுக்கும் போகலாமெண்டு அதிலை எழுதியிருக்கு, எங்கடை நாட்டைத் தவிர” என்றா அம்மா.

சரி, நம்புகிறேன். ஆனால் இதைச் சொல்ல ஏன் மூன்று நாள்?

29 மார்ச், சனி

அப்பா பஸ் ஏறிச் சாவகச்சேரிக்குப் போய் ஒரு கடித உறையோடு வந்தார். அம்மா அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தா. அவ கிணற்றடிக்குப் போனதும் எடுத்துப் பார்த்தேன். என்னுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரம், இங்கிலீசில் மாற்றி, சிவப்பு முத்திரை குத்தியிருந்தது. கஜந்தினி, பன்னிரண்டு வருடத்துக்கு முதல் பிறந்தவள். நானேதான்.

விசாவுக்கு என்றால் தங்கச்சியுடையது எங்கே? நிவேதனாவும்தானே வருகிறாள்? யாழ்ப்பாணத்தில் மொழிபெயர்க்க ஆளில்லையா? எங்கள் சண்டிலிப்பாயில் இருந்து யாழ்ப்பாணத்தையும் தாண்டிச் சாவகச்சேரிக்கு ஏன் போக வேணும்? தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்றா?

2 ஏப்ரல்

அம்மா குசினிக்குள் போனில் மெல்லமாகக் கதைத்தா. நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரிப் போனேன்.

“ஓம் அக்கா. படிப்பு அங்கை நல்லதுதானே. நீங்கள் பிள்ளையைப் பார்த்துப்போட்டுச் சொல்லுங்கோ.”

என்னைக் கண்டதும் வெங்காய விலை கேட்டா. பெரியம்மாவிடம்! பிரான்சில்!

பிள்ளை இல்லாத பெரியம்மா. என்னுடைய பத்திரம். படிப்பு. கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியாதா? என்னைக் குடுக்கப் போகினம். ஏன் அம்மா, நான் என்ன செய்தனான்?

3 ஏப்ரல்

அழுது பிரயோசனம் இல்லை. பார்த்துப்போட்டுத்தானே சொல்லுவா? அப்ப நல்லாப் பார்க்கட்டும். என்னைப் போலக் கூடாத பிள்ளை உலகத்தில் இல்லை என்று காட்டுகிறேன்.

12 ஏப்ரல், பாங்கொக்

பெரியம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்தா. அம்மாவின் முகம்தான், மூக்கு மட்டும் கூர். நான் கட்டை மாதிரி நின்றேன். “என்னிலை சென்ற் மணக்குதோ பிள்ளை?” என்றா. “ஓம், தலையிடிக்குது” என்றேன். அம்மா கிள்ளினா.

ஹோட்டலுக்கு வெளியே, செருப்பில்லாத புத்த பிக்குகள் பாத்திரத்தோடு வரிசையாக வந்தார்கள். கடைசியில் என் வயதுப் பெடியங்கள். மொட்டை, காவி. ஹோட்டல் அக்காவிடம் இங்கிலீசில் கேட்டேன். பள்ளிக்கூட விடுமுறைக்குத் தாய் தகப்பனே கோயிலுக்குக் கொடுப்பார்களாம், புண்ணியமாம். திரும்பக் கூட்டிக்கொண்டு போவார்களா என்று கேட்டேன். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

நல்ல நாடாகப் பார்த்துத்தான் கூட்டிவந்திருக்கிறார்கள்.

13 ஏப்ரல்

இன்று செய்தவை: பெரியம்மா ஊட்டிய மாம்பழச் சோற்றைக் கோப்பையிலேயே துப்பினேன். அவ தந்த சட்டையை அளவில்லை என்று போடாமலே சொன்னேன். பெரியப்பாவுக்கு முன்னால் ஏப்பம் விட்டேன், மூன்று தரம்.

ஆனாலும் என்னையே பார்த்துக்கொண்டு இருக்கிறா. அதனால் நிவேதனாவைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். பெரியம்மாவின் மடியில் போய் இரு, “பொன்சூர்” சொல்லு, கன்னத்தில் கொஞ்சு. பொன்சூர் என்றால் பிரெஞ்சில் வணக்கம். ஐந்து வயதுக்கு ஒரு சொக்கிலேற் போதும். போய் இருந்தாள். பெரியம்மா பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

நல்ல யோசனை.

14 ஏப்ரல், வருடப் பிறப்பு

கோயில் ஐயர் மூலிகை போட்டுக் காய்ச்சி, ஊரிலிருந்து சோடாப் போத்தலில் கொண்டுவந்த மருத்துநீரை அம்மா எங்கள் தலையில் தடவினா. ஹோட்டல் குளியலறை முழுக்க ஐயர் வீட்டு மணம். வெளியே இறங்கினால் இவர்களுக்கும் வருடமாம், கண்டவன் நின்றவன் எல்லாம் தண்ணீர் ஊற்றுகிறான். அப்பாவுக்கு ஒரு கிழவி வாளியோடு ஊற்றினா. அப்பா சிரித்தார். ஊரில் அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை.

பிறகு கைவிசேடம். எங்கள் வீட்டில் மூத்த பிள்ளைக்குத்தான் முதலில் கொடுப்பது. பெரியம்மா வெற்றிலையில் காசு வைத்து நிவேதனாவின் கையில்தான் முதலில் கொடுத்தா. எனக்குக் கோபமே வரவில்லை. வென்றுவிட்டேன்!

17 ஏப்ரல்

விமானத்தில் ஏறினதும் எண்ணினேன். நாலு பேர். நாலு பேரும்.

விமான நிலையத்தில் பெரியம்மா நிவேதனாவை விடாமல் அழுதா. பாவமாக இருந்தது. அந்தச் சட்டையை எனக்குத் தெரியாமல் என் பைக்குள் வைத்திருக்கிறா. இனி மனிசர்களைச் சும்மா சந்தேகப்படக் கூடாது.

3 மே, சனி

அப்பா திரும்பவும் சாவகச்சேரிக்குப் போய் வந்தார்.

அலுமாரி. சேலைகளுக்கு அடியில் புது உறை. சிவப்பு முத்திரை. நிவேதனாவின் பெயர்.

என்னுடையது கீழே மடித்துக் கிடக்குது.

அம்மா வெங்காயத்தைத் தாளோடு பிடிபிடியாகப் பிணைத்துக்கொண்டு இருந்தா. உறையை மடியில் போட்டேன். “என்னையெல்லோ குடுக்க இருந்தனீங்கள்?”

அம்மா உறையை எடுத்து, மண் படாமல் ஒரு பக்கம் வைத்தா. “உனக்கு அவவைப் பிடிக்கேல்லைத்தானே பிள்ளை. சின்னவள் ஒட்டியிட்டாள். அக்காவும் அவளைத்தான் கேக்கிறா.”

“ஏன் குடுக்க வேணும்?”

“சண்டை நேரம் செல்லடிக்கேக்கை பங்கருக்குள்ளை என்னை மடியிலை போட்டு, தான் மேலை குனிஞ்சு படுத்தவ. நான் இருக்கிறதே அவவாலை. தனக்கொரு பிள்ளை தா எண்டு வாய்விட்டுக் கேட்டாப் பிறகு, நான் என்னெண்டு மாட்டனெண்டுறது?”

அம்மாவின் கண்ணில் தண்ணீர். வெங்காயத்தால் இல்லை.

4 மே

நான்தான் செய்தனான். நானேதான் மடியிலை இருத்தினனான். அம்மாட்டைச் சொன்னன். “நீ குழந்தை, உனக்கென்ன தெரியும்” எண்டா.

நிவேதனா இரவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்வாள். அங்கே யாருடையதைப் பிடிப்பாள்?

11 மே, ஞாயிறு

பின்னேரம் பெரியம்மா வீடியோவில் வருவா என்று தெரியும். தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் பின்னினேன். விலைத்துண்டு வெட்டாமல் கிடந்த அந்தச் சட்டையைப் போட்டேன். அளவு சரியாகத்தான் இருக்கிறது.

போனை நான்தான் எடுத்தேன். “பொன்சூர் பெரியம்மா” என்றேன். சுகம் கேட்டேன். கணக்கில் தொண்ணூற்றிரண்டு என்றேன். எனக்குக் குளிர் விருப்பம் என்றேன். பிறகு சொல்லிவிட்டேன்.

“நான் வாறன் பெரியம்மா. என்னைக் கூப்பிடுங்கோ.”

பெரியம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா.

“நல்ல பிள்ளை” என்றா. “தங்கச்சி எங்கை? அவளை ஒருக்காக் காட்டு.”

நிவேதனா ஓடிவந்து என் மடியில் ஏறினாள். “பொன்சூர்” என்றாள். போனைக் கன்னத்தோடு வைத்துக் கொஞ்சினாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.