காதுக்குள் என் அதிகாரம்

என் வீட்டு மகாராணிக்கு,

உன் புருஷச் சக்கரவர்த்தி எழுதுவது. இங்கே நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா? சின்னவளுக்குச் சளி விட்டதா?

எனக்குப் பெரிய பதவி கிடைத்திருக்கிறது! கிடங்கில் எல்லாருக்கும் காதில் மாட்ட ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று அதுவே தமிழில் சொல்லும். அதற்குக் குரல் தேடியவர்கள், இடியே வெட்கப்படும் என் குரலைப் பிடித்து, நாள் முழுக்க வாசிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். இப்போது நான் சொல்லாததையும் என் குரலிலேயே சொல்கிறது. "வேகமா நட, பேசாதே" என்று என்னை நானே அதட்டுகிறேன், பார்த்துக்கொள்!

கிடங்கு ஆட்களோடு தங்கும் அறையில்தான் சின்னச் சிக்கல். நான் வாயைத் திறந்தால் தலையணை பறந்து வருகிறது. "பகலெல்லாம் திட்டினது போதும்ணே, சாமி!" என்கிறார்கள். அதனால்தான் போன் பேசாமல் எழுதுகிறேன்.

பக்கத்துக் கட்டில்காரனை உனக்குத் தெரியுமே, என் புளுகுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பானே, அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டு நடை குறைந்துபோனது. முந்தாநாள் கருவி அவனிடம், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றது. என் குரலில்தான். ஊருக்குப் பெட்டி கட்டியவனிடம், "நான் சொல்லலடா" என்றேன்.

"தெரியும்ணே. ஆனா இனிமே நீ பேசாத."

காதைப் பொத்திக்கொண்டே போனான்.

ஒரு உதவி செய். என்னை நன்றாகத் திட்டி, பதிவு செய்து அனுப்பு. வேறு குரலில் திட்டு வாங்கி நாளாயிற்று.

இதோ, நான் என்னை வேலைக்குக் கூப்பிடுகிறேன். ஓடுகிறேன்.