பெயிண்டுக்கு அடியில் ஒரு கல்

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கும் மகாராஜாவுக்கு,

நான் நலம். நம் குடைக்கடையும் நலம், வியாழக்கிழமை வரைக்கும்.

கடைத்தெருவில் பழைய கட்டடங்களை இடிக்கப் போகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது என்று ஆண்டு வெட்டிய கல் இருந்தால் மட்டும் விட்டுவைப்பார்களாம். எதிரே தபால் ஆபீஸ் தப்பித்துவிட்டது. அதன் நெற்றியிலேயே ராணியின் கிரீடம் இருக்கிறதே! நம் கட்டடத்துக்கும் கல் உண்டு என்று அதிகாரியிடம் சத்தியம் செய்தேன்.

"எங்கம்மா இருக்கு? காட்டுங்க."

"பெயிண்டுக்கு அடியில சார். என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கடைக்கு அழகு பண்ணுவாரு."

"அவர் எங்க?"

"அவரு கோபத்துக்கு அடியில இருக்காரு. அவரையும் சுரண்டித்தான் எடுக்கணும்."

சிரித்தார். ஆனாலும், "வியாழக்கிழமை வருவேன், கல்லு கண்ணுக்குத் தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாளாகக் குடைக்கம்பியால் சுரண்டுகிறேன். பச்சை வந்தது, நீலம் வந்தது, நம் கல்யாண வருஷத்து ரோஸ் வந்தது. கல் வரவில்லை. கதவுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? சோறு இறங்கவில்லை. பல்வலியாக இருக்கும்.

குரங்குகூட உங்களைவிட நன்றாகப் பெயிண்ட் அடிக்கும் என்று நான் சொன்னது தப்புதான். இவ்வளவு கெட்டியாக எந்தக் குரங்கும் அடித்திருக்காது.

பதில் எழுதாதீர்கள். உங்கள் கோழிக்கிறுக்கலை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் புல்டோசர் வந்துவிடும். நேரில் வந்து, இந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அப்புறம் திரும்பிப் போவதானால் போங்கள், தடுக்கமாட்டேன். மழை கொட்டினாலும் குடை மட்டும் தரமாட்டேன்.

இப்படிக்கு,
கையெல்லாம் கொப்புளமாக உங்கள் வீட்டுக்காரி