இரண்டு கையால் குடிக்கிற காபி

விருத்தாசலம்
டிசம்பர் 22

அன்பு மகள் வெண்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பழமலைநாதரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதித்தான் பழக்கம், இந்த முறை அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள். தினமும் வீடியோவில் பார்க்கிறோமே, அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போதெல்லாம் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முதலில் நீ பிரான்சிலிருந்து அனுப்பிய, கம்பியை அமுக்கி வடிக்கிற காபிக் குடுவையின் கதையைச் சொல்லிவிடுகிறேன், சொல்ல வேண்டியதும் காபியில்தான் வந்து நிற்கிறது.

கண்ணாடிக் குடுவை உடையாமல் வந்து சேர்ந்தது. முதல் நாள் நம் ஃபில்டர் தூளையே போட்டுவிட்டேன். நாலு நிமிஷம் ஊறவிட்டுக் கம்பியை மெதுவாக இறக்கச் சொல்லியிருந்தாய், நான் பீங்கான் கம்பெனியில் வைக்கோல் வைத்துப் பெட்டி அமுக்குகிற பழக்கத்தில் ஒரே அமுக்காக அமுக்கினேன், பாதி காபி என் பனியனில், மீதி சேறு. தூள் பெரிதாக இருக்க வேண்டும் என்று நீ திரும்பச் சொன்ன பிறகு, தூள் அரைக்கிற மாயவனிடம் போய் ரவை பதத்தில் அரைத்துக் கொடு என்றேன். ஏண்ணே, காபித்தூள்ல உப்புமா கிண்டப் போறீங்களா என்று கேட்டான். சிக்கரியும் கொஞ்சம் போடு, என் பெண் இருக்கிற லீல் பக்கம் சிக்கரிதான் ரொம்பப் பிரியமாம் என்றேன். அப்ப இனிமே எவனும் என்னைக் கலப்படக்காரன்னு சொல்லக் கூடாது என்றான். இந்த மார்கழிக் குளிரில் விடியற்காலை எழுந்து நான்தான் காபி போடுகிறேன், நான்தான் அரிசி களைகிறேன், நான்தான் துணி அலசுகிறேன், பிறகு எட்டு மணிக்கு வேலைக்கும் ஓடுகிறேன். அம்மாவுக்கு ரெஸ்ட் கொடுத்திருக்கேன் என்று உன்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னேன். சிரித்தது பொய். ரொம்பக் களைப்பாக இருக்கிறது மகளே.

அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. ஆடி மாதத்தில் வலது கையில் ஆரம்பித்தது. டபராவில் டம்ளர் கடகடவென்று ஆடுகிற சத்தத்தில்தான் எனக்கே தெரிந்தது. தீபாவளிக்கு உன் மாமனார் மாமியார் பாண்டியிலிருந்து வந்திருந்தபோது அவர்கள் எதிரிலேயே மடியில் காபியைக் கொட்டிக்கொண்டாள், சூடு தாங்கலங்க என்று சமாளித்தாள். அன்றிலிருந்து காபியையே விட்டுவிட்டாள், யார் கேட்டாலும் நெஞ்செரிச்சல் என்று சொல்கிறாள். அவளுக்குக் காபி எப்படி என்று உனக்குத் தெரியும், உன்னைப் பெற்ற மறுநாள் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டதே அதுதான். பாண்டியில் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். பார்க்கின்சன் என்றார். முழுதாகத் தீராது, மாத்திரையை நேரம் தவறாமல் போட்டால் கட்டுக்குள் இருக்கும், உன் பிரசவத்துக்கு அங்கே பயணம் வரலாம் என்றார். வெளியே வந்ததும் என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள், வெண்பாவுக்குத் தெரியவே கூடாது, தெரிஞ்சா டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுவா, தலைச்சன் பிரசவத்துக்குக் கூட நிக்காதவ என்னா அம்மா என்று. வீடியோவில் அம்மா ஏன் போனைக் கையில் எடுக்காமல் ஜாடியில் சாய்த்து வைக்கிறாள் என்று நீ ஒருநாள் கேட்டாய். அதற்குத்தான்.

போன மாதம் நீ குளிர்காலக் காபியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாயே, அங்கே வீடுகளில் காலையில் பிடி இல்லாத பெரிய கிண்ணத்தில் பால் காபி ஊற்றி, விரல் சூடு ஏற இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக் குடிப்பார்கள், ரொட்டியை அதிலேயே தோய்ப்பார்கள் என்று. நான் டீயில் பன்னைத் தோய்த்தால் மானம் போகுது என்று திட்டியவள்தானே நீ என்று கேட்டு நான் சிரித்தேன். மறுநாள் நான் சோறு பரிமாறும்போது, அந்தக் கிண்ணம் எவ்ளோ பெருசு இருக்குங்க என்று அம்மா கேட்டாள். எங்கள் கம்பெனியில் அச்சு வார்க்கிற கார்முகிலிடம் சொன்னேன், சூப் கிண்ணத்தில் பூச்சு திட்டுத்திட்டாக விழுந்து ஒதுக்கியது ஒன்றைக் கொடுத்தாள். அதில் பாதிக்கு மேல் ஊற்றாமல் அம்மா முன்னால் வைத்தேன். முழங்கையை மேசையில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து, வாயருகே கொண்டுபோனாள். காபியின் மேல் மட்டும் அலை அடித்தது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முழுவதும் குடித்துவிட்டு, அங்க எல்லாரும் இப்படித்தான் குடிப்பாங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்ப யாருக்கும் தெரியாது என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் திட்டம் போடுகிறாள். மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் மாற்றிவிட்டாள். பிறக்கிற பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது தன் வேலை என்று சீயக்காய், கஸ்தூரி மஞ்சள் எல்லாம் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். காபி சிந்தினால் துடைத்துவிடலாம், பிள்ளை அப்படி இல்லை. சத்தியத்தை மீறி எழுதுகிறேன், பாவம் வந்தால் எனக்கு வரட்டும்.

வெண்பா, டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணாதே. பிப்ரவரி நாலாம் தேதி அங்கே வருகிற மாப்பிள்ளையின் அண்ணன் குடும்பத்தோடு அவளை விமானம் ஏற்றிவிடுகிறேன். பிள்ளையைக் குளிப்பாட்டுவது அங்கத்து நர்ஸ் கட்டளை, பிள்ளையின் அப்பாதான் செய்ய வேண்டும் என்று ஏதாவது சொல்லி மாப்பிள்ளையிடம் விட்டுவிடு. அவள் எப்படிச் செய்வது என்று பக்கத்தில் உட்கார்ந்து அதட்டட்டும், அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. உட்கார வைத்து மடியில் தலையணை போட்டுப் பிள்ளையைக் கொடு. மாத்திரை மூன்று வேளை, நீ எண்ணிக்கொள், கேட்காதே. அவளே சொல்கிற அன்றைக்குப் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள். கடிதம் கிடைத்த அன்றே போன் செய்யாதே, உன் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள், இரண்டு நாள் அழுது முடித்துவிட்டுப் பேசு. இரும்பு மாத்திரையை விடாதே, குளிரில் காதை மூடிக்கொள்.

மறக்காமல் ஒன்று செய். வீட்டில் இருக்கிற காபிக் கப்பையெல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அந்தக் கிண்ணத்தில் மூன்று வாங்கி வை. நீயும் மாப்பிள்ளையும் அவள் எதிரில் இரண்டு கையாலேயே குடியுங்கள்.

பதினாறும் பெற்று நிறைவாக வாழ ஆசீர்வதிக்கும்,
உன் அப்பா
கலியமூர்த்தி