மூன்றாம் படத்து ஈறு

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

கழுத்து வலி தேவலையா? முப்பது நோயாளிகளின் ஈறுத் துண்டுகளையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடித்துவிட்டாய் என்று உன் உதவியாளர் சொன்னார். மேல் அண்ணத்தில் சதை வெட்டாமல், கொலாஜன் மாற்றுத் திசுவை வைத்தே இறங்கிய ஈற்றை மூடலாம் என்ற நம் கட்டுரை பத்திரிகைக்கு அனுப்ப ஒருவழியாகத் தயார். படங்களும் சேர்த்தாயிற்று. உன் கையெழுத்துதான் பாக்கி. கேள்வி கேட்காமல் போட்டால் ஒரு நாள் முழுக்க உன்னைப் புகழ்வேன்.

உன் தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

கழுத்து அப்படியேதான் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

மூன்றாம் படத்தின் கீழே 'மாற்றுத் திசு வைத்து ஆறு மாதம் கழித்து' என்று எழுதியிருக்கிறாய். ஈறு நல்ல தடிமன். பக்கத்துப் பல்லின் ஓரம் உடைந்திருக்கிறது. ஏழு வயதில் நீ ஊஞ்சல் பலகையைத் தள்ளி உடைத்த பல் அது. வாய் என்னுடையது. எனக்கு நீ மாற்றுத் திசு வைக்கவில்லை, அண்ணத்திலிருந்துதான் வெட்டினாய். பத்து நாள் ஆறிய பாலை மட்டும் விழுங்கியவளுக்கு மறக்குமா?

அக்கா

மார்ச் 13

அக்கா,

மாட்டிக்கொண்டேன். அவ்வளவு நல்ல படம் வேறு இல்லை. மாற்றுத் திசுவும் பிடிக்கத்தானே செய்கிறது? ஸ்லைடில் நீயே பார்த்தாய். இதை வாசிக்கவேண்டிய மாநாட்டுக்கு இன்னும் மூன்று வாரம். கூடப்பிறந்தவளே காலை வாரினால் நான் எங்கே போவேன்? அம்மா இருந்திருந்தால், "விட்டுக்குடுடி, சின்னவன்தானே" என்றிருப்பாள்.

தம்பி

மார்ச் 17

தம்பி,

என்றிருப்பாள். ஊஞ்சலில் பல் உடைந்த அன்றும் அதையேதான் சொன்னாள். சின்னவனுக்கு இப்போது நாற்பத்தாறு வயது.

மாற்றுத் திசு பிடிக்கிறது. அதற்குள் ரத்தக்குழாய்கள் வளர்கின்றன. கொலாஜன் மெல்லக் கரைந்து சொந்தத் திசு வருகிறது. ஆனால் கொஞ்சம் சுருங்குகிறது. அண்ணத்துச் சதை தரும் தடிமன் இல்லை. அதைச் சொன்னால் உனக்கு என்ன குறைந்துவிடும்? அண்ணம் தப்பினால் போதும் என்பவர்கள் எத்தனையோ பேர். நானும் ஒருத்தி.

உடைந்த பல்லுக்கு மறுபக்கத்து ஈறும் இறங்கிவிட்டது. வேறு டாக்டரிடம் போகமாட்டேன். வெள்ளிக்கிழமை காலை உன் கிளினிக்குக்கு வருகிறேன், எல்லோரோடும் வரிசையில் உட்காருவேன். மூன்றாம் படம் பொய் என்று பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதம், தபால்தலை ஒட்டி, என் பையில் இருக்கும். மூன்றாம் படத்தை நீ எடுத்திருந்தால் உன் கண்முன்னே கிழித்துப்போடுகிறேன். எடுக்காவிட்டால் உன் வாசலில் இருக்கும் தபால் பெட்டியிலேயே போடுவேன்.

எப்படியானாலும் இந்த முறை எனக்கு மாற்றுத் திசுவையே வை. ஆறு மாதம் கழித்து ஈறு எப்படி இருந்தாலும் படம் எடு. உடைந்த பல் நன்றாகத் தெரியட்டும்.

அக்கா